பகலில் அளந்த அறை

இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நிற்கிறேன். பாறையில் பிறக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயு தரை வெடிப்புகள் வழியே வீட்டுக்குள் ஏறும். மூடிய அறையில் தேங்கி நுரையீரலைக் கெடுக்கும். பல ஆண்டுகளுக்கு முன் அதை அளக்க வந்தவன் நான். "ஆபத்தில்லை" என்று எழுதினேன். அந்தத் தாளைக் காட்டித்தான் நிர்வாகம் இன்றுவரை தரை பூசச் சிமெந்து தர மறுக்கிறது.

கொழுந்து பறிக்கும் புஷ்பம் கேட்கிறார்: "எப்பங்க அளந்தீங்க?"

"பகலில். கதவு திறந்திருந்தது."

"பகல்ல நாங்க மலையில நிக்கிறோம். ராவுல குளிருக்கு ஜன்னல் சந்தெல்லாம் உரச்சாக்க அடைச்சிட்டுத்தான் படுக்கிறோம். ஆளில்லாத வீட்ட யாருக்குங்க அளந்தீங்க?"

உள்ளே அவருடைய கைக்குழந்தை பாயில் தூங்குகிறது.

"சாக்கை எடுத்துவிடுங்கள்."

"எடுத்துட்டா, நீங்க வந்து போத்திவிடுவீங்களாய்யா?"

நிர்வாகத்தைத் திட்ட வாய் துடிக்கிறது. ஆனால் கையெழுத்து என்னுடையது. இரவில்தான் அளக்க வேண்டும் என்று அன்றே எனக்குத் தெரியும். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் கணப்படுப்பும் விருந்தும் காத்திருந்தன, போய்விட்டேன்.

"நான் எழுதியது பொய்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன். புஷ்பம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதக் காட்டினா சிமெந்து குடுப்பாங்களா?"