அலை அடங்கிய இடம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு எண்ணெய்க்காரி என்று பெயர். வைத்தவன் நான்தான். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் படத்தைப் பார்த்து, கடலில் எண்ணெய் கசிந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அலையடிக்கும் கடல் படத்தில் வெளுத்துத் தெரியும். எண்ணெய் படர்ந்தால் அலை அடங்கிவிடும். அந்த இடம் மட்டும் கறுத்திருக்கும். கழிவெண்ணெயைக் கொட்டிவிட்டு ஏதாவது கப்பல் நழுவப் பார்த்தால், "மாட்டினான் பாரு!" என்று நாற்காலியிலேயே துள்ளுவாள்.

அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்கவைத்தது மீன்பிடிக்கப் போகும் அண்ணன். "உன் படத்துல என் படகு தெரியுமா?" என்று நச்சரிப்பாராம். "இரும்புக் கப்பல்னா வெள்ளைப் புள்ளியா பளிச்சுனு தெரியும். உன் ஃபைபர் படகை யாரு மதிக்கிறா?" என்று இவள் வாரிவிடுவாளாம். எங்களிடம் சொல்லும்போதே சிரிப்பாள்.

திடீரெனக் காற்று கிளம்பிய அன்று அந்த அண்ணன் கரை திரும்பவில்லை. மேகம் கவிந்திருந்ததால் தேடப்போன விமானத்துக்கு ஒன்றும் புலப்படவில்லை. ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வோம். பீற்றல் என்ன வேண்டிக்கிடக்கிறது? மறுநாள் காலை படம் வந்தது. வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை, அந்தப் பக்கம் கப்பலே இல்லை. அண்ணன் வலை போடும் பக்கத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கறுப்பு.

"காத்து குறைஞ்ச இடமாக்கூட இருக்கலாம்," என்றேன்.

"அப்படின்னா ஓரம் இவ்வளவு தெளிவாவா இருக்கும்?" என்றாள்.

அவள் அந்த இடத்தைக் குறித்துத் தேடும் குழுவுக்கு அனுப்பினாள். பாழாய்ப்போன என் கண்தான் கலங்கியது.

காலையிலிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணி மறுபடி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"எதுவுமே தெரியலியாம்மா?"

"படகு தெரியல அண்ணி. ஒரு இடத்துல மட்டும் அலை அடங்கிக் கிடக்கு."

அண்ணி படகுத்துறையில் பிறந்து வளர்ந்தவர். டீசல் சிந்திய தண்ணீர் எப்படிக் கிடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பெருசா இருக்கா?"

"இல்ல அண்ணி. சின்னதுதான்."

"ஆமா. பாதி டேங்க்தான் ஊத்திட்டுப் போனாரு," என்றார் அண்ணி.