ராணியை விட்டுக்கொடுத்தவர்

அப்பாதுரைக்கு வீடு விழுப்புரத்தில், வேலை திண்டிவனத்தில். சாயங்காலம் மற்ற சீசன் டிக்கெட்காரர்கள் பிளாட்பாரத்தில் சீட்டுக்கட்டைப் பிரிக்க, இவர் மட்டும் இப்ராஹிம் ஷாவின் ஜவுளிக்கடைக்குப் போய்விடுவார். பாயோடு ஒரு செஸ் ஆட்டம் போடாமல் ரயிலேற அவருக்கு மனசு வராது. இருவரும் சரிக்குச் சமம். தோற்றால் பாய் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

எண்பத்து நாலாம் வருஷம் பாய்க்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. மகன் யூசுப் அலி கல்லாவில் உட்கார, பாய்க்கு மூலையில் ஒரு நாற்காலி. வருகிறவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல அவரிடம் இரைந்து பேசினார்கள். பலகைக்கு முன்னால் மட்டும் அவர் பழைய பாய். அவர் வாயால் சொல்லச் சொல்ல அப்பாதுரை அவருடைய காய்களையும் நகர்த்தி வைப்பார். நாளாக ஆகப் பேச்சு தெளிந்தது.

"மாத்திரையவிட இந்த ஆட்டந்தான் சார் அத்தாவுக்கு வேல செய்யுது" என்றான் யூசுப்.

அப்படிச் சொன்னவனே ஒருநாள், துணி விலையில் பாய் குறுக்கிட்டபோது, "சும்மா குந்திக்கினு இரு அத்தா, பேஜாரு பண்ணாத" என்று ஆட்கள் முன்னால் அதட்டிவிட்டான். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைய ஆட்டம் அப்பாதுரை கைக்குள்தான் இருந்தது. பாவம், பாய் ஜெயிக்கட்டும் என்று தன் ராணியைக் கொண்டுபோய்ப் பாயின் குதிரை வெட்டுகிற கட்டத்தில் வைத்தார். இரக்கம் வந்தால் புத்தி எங்கேதான் போய்த் தொலைகிறதோ! போதாததற்கு, "உங்க குதிரையால என் ராணிய எடுத்துடட்டுமா பாய்?" என்று வேறு கேட்டார்.

பாய் பலகையைப் பார்த்தார், அப்பாதுரையைப் பார்த்தார்.

"மடிச்சி வெச்சிடு" என்றார்.

மறுநாள் டீ வந்தது, பாய் குடும்ப நலம் விசாரித்தார், பலகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. தெளிந்த பேச்சு மறுபடி குழறத் தொடங்கியது. அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த ஒன்றையும் நாமே பறித்துவிட்டோமே என்று அப்பாதுரை ரயிலில் மருகாத நாளில்லை. கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"தப்புதான் பாய். இனிமே அப்டி ஆட மாட்டேன். ஒரே ஒரு ஆட்டம் போடலாம் வாங்க."

பாய் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினார். "நீ ஜெயிச்சா, நீ ஜெயிச்சன்னு தெரியும். நான் ஜெயிச்சா, நான்தான் ஜெயிச்சேன்னு எனக்கு எப்டிப்பா தெரியும்?"

சத்தியம் பண்ண வாயெடுத்தார் அப்பாதுரை. ராணியை வைத்த அன்றைக்கும் இதே முகத்தோடுதானே எதிரில் உட்கார்ந்திருந்தோம் என்பது உறைத்தது. எழுந்து ரயிலுக்குக் கிளம்பினார்.