வென்றவர் ஏன் ஒளிகிறார்?

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் நஸீர் நானா என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எப்போதும் நின்று நாலு வார்த்தை கதைக்கிற மனிதர். நான் செய்த குற்றம் என்ன?

பிறகுதான் விளங்கியது. அவர் வீட்டு வட்டிலப்பத்தைச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி!

நஸீர் நானா துறைமுகப் பக்கம் ஒரு தனியார் களஞ்சியத்தில் கிரேன் ஓட்டியவர். அங்கே செப்புக் கம்பி காணாமல் போனது. பழி இவர் தலையில் விழுந்தது, வேலை போனது. மனிதர் விடவில்லை. தொழில் நியாய சபைக்குப் போனார், வருடக்கணக்காக அலைந்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது — களவு நிரூபிக்கப்படவில்லை, திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும்.

அன்றைக்கே அவர் மனைவி பரீதா தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் அவித்து வீடு வீடாக அனுப்பினார். எங்கள் ஒழுங்கையில் நல்ல செய்தி அப்படித்தான் வரும். அப்பீலுக்கான தவணை முடியும்வரை பொறுத்திருக்கலாம்தான்... சந்தோஷம் வந்தால் யார் தவணை பார்க்கிறார்கள்?

முதலாளி பார்த்தார். அப்பீல் போட்டார். அது முடியும்வரை தீர்ப்பை அமுல்படுத்தக் கூடாது என்று தடையும் வாங்கிவிட்டார்.

வட்டிலப்பம் தின்ற வாய்கள் சும்மா இருக்குமா? "நானா, எப்ப வேலைக்குப் போறியள்?" மீன் சந்தையில் கேட்கிறார்கள், பள்ளிவாசலடியில் கேட்கிறார்கள். அப்பீல் என்று சொன்னால், "அப்ப தோத்திட்டியளோ?" என்கிறார்கள். வென்றவருக்கு வந்த கேட்டைப் பாருங்கள்!

மனம் கேளாமல் வீட்டுக்கே போனேன். நானா கதிரையில் குனிந்தபடி இருந்தார்.

"அப்பீல் போட அவைக்கும் உரிமை இருக்குத்தானே நானா. கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஓம் தங்கச்சி, லோயரும் அதத்தான் சொன்னார். நான் பொறுப்பன். சின்ன மகளுக்கு மாப்பிள பேசின ஆக்கள் பொறுக்கல்லயே. 'முதல்ல வேலைக்குத் திரும்ப எடுக்கட்டும், பிறகு கதைப்பம்' எண்டுட்டாங்க."

பரீதா எழுந்து குசினிக்குள் போனார். தேத்தண்ணி போடப் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரோடு சண்டை பிடிப்பது? முதலாளி செய்ததும் சட்டப்படி, நீதிமன்றம் செய்ததும் சட்டப்படி...

தீர்ப்பை நிறுத்திவைத்துவிட்டார்கள். கள்ளன் என்ற பேரை நிறுத்திவைக்க எந்தக் கோர்ட்டுக்குப் போவது?