அசன் பாயும் மஞ்சள் விளக்கும்

தலை டேஷ்போர்டுக்கு அடியில், கால் இரண்டும் கதவுக்கு வெளியே. இந்தக் கோலத்தில் கிடக்கும்போது மெக்கானிக் அசன் முகைதீனிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. உள்ளே தொங்கும் சின்ன பிளக்கைக் கைத்தடவலிலேயே கண்டுபிடித்து, அதன் இரண்டு ஓட்டைகளில் வளைத்த ஒயர்த் துண்டு ஒன்றைச் சொருகுவார். பிறகு எழுந்து உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புவார். மீட்டருக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் எல்லாம் சௌக்கியம். வேறு எந்தக் கணக்கு வந்தாலும் வண்டிக்கு எங்கோ நோவு. நடுவில் வண்டிக்காரர் வாயைத் திறந்தால், "பேசாத சார், அது சொல்லிக்கினு கீது" என்று அடக்கிவிடுவார்.

மற்ற நேரமெல்லாம் இவர் வாயை அடக்கத்தான் ஆள் தேட வேண்டும். பழவேற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் ஏறினால், கும்மிடிப்பூண்டி சிப்காட் முனையில் ஷெட்டைத் திறக்கும் வரை ஓயாத பேச்சு. இரும்பு உருக்கும் கம்பெனிகளின் தூசியில் மதியத்துக்குள் சட்டை கறுத்துவிடும். அதற்காகவே கறுப்புச் சட்டை போடுகிறேன் என்பார். புது வண்டிகளில் மெஷினை மாட்டினால் எழுத்தாகவே கோளாறு வந்து நிற்கிறதே, உங்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்டால் சிரிக்கிறார். சென்னைக்குப் போய் அந்த மெஷினைப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். "வாங்கிட்டன்னா கண்ணு நோவாவது மிச்சம்."

ஒரே ஒரு விஷயத்தில் மனிதருக்கு விளையாட்டு கிடையாது. எந்த வண்டி வந்தாலும் முதல் கேள்வி, "பேட்டரி ஒயர யாராவது கழட்னீங்களா?" கழற்றினோம் என்றால் முகம் சுண்டிவிடும். பேட்டரி இணைப்புப் போனால் வண்டியின் கம்ப்யூட்டர் தன் நோவையெல்லாம் மறந்துவிடும். மறுபடி மாட்டியதும், பச்சைப் பிள்ளை போல, எல்லாம் சௌக்கியம் என்று சிமிட்டும்.

இந்தக் கேள்வி முன்பும் உண்டு. அதில் ஒரு பதற்றம் சேர்ந்தது சம்பூர்ணம் இறந்த பிறகுதான்.

சம்பூர்ணம் சிப்காட்டில் பேக்கிங் வேலை பார்த்தவள். ஒரு விடியற்காலை ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த பெட்ரோல் வேன், நெடுஞ்சாலை நடுவே நின்றுபோனது. பின்னால் கம்பி ஏற்றி வந்த லாரி இடித்தது. கடைசி இருக்கையில் இருந்தவள் அவள். வேனை ஓட்டியவர் திருமலை. முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய பாய்தான் கூட்டத்தை விலக்கி ஓடினார். பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. தீப்பொறி பறந்தால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் போய்விடுவார்கள். எந்த மெக்கானிக்கும் செய்கிற காரியத்தைச் செய்தார், பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டார். ஊரே பாராட்டியது. பிடுங்கிய ஒயரோடு எது போயிற்று என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? டிரைவர் தூங்கிவிட்டான், தூக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டான் என்றார்கள். திருமலை மறுத்துப் பேசவில்லை. சம்பூர்ணத்தின் வீட்டுப் பக்கம் போகும் தெருவையே விட்டுவிட்டார். வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டு ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். பாய் ஒருநாள் அங்கே போய், தான் செய்ததை மறைக்காமல் சொன்னார். வண்டி தானாக நின்றதா என்று விளக்கு சொல்லியிருக்கும், அதன் வாயை நான்தான் அடைத்தேன் என்றார். திருமலைக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் பாய்க்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

"தூங்கினனா இல்லியான்னு எனக்கே தெர்ல பாய்" என்றார் திருமலை. "அதான் பேஜாரு."

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மீண்டு வந்த வேனை அதன் முதலாளி பார்க்கவே மாட்டேன் என்றார். தட்டி நிமிர்த்தி யாருக்காவது தள்ளிவிடச் சொல்லிப் பாயிடம் கொடுத்தார். பாய் தட்டி நிமிர்த்தினார். தள்ளிவிடவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வேனிலேயே பழவேற்காட்டுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போய்வர ஆரம்பித்தார். வழியில் யார் கை காட்டினாலும் ஏற்றுவதில்லை. வாய் ஓயாத மனிதர் துணைக்கு ஆளின்றிப் போய் வந்தார். மனைவி மெஹர்னிசா மட்டும், நின்றுபோகிற வண்டி என்று நீயே சொல்கிறாய், அதையே ஓட்டுகிறாயே, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுதார். அது நிற்க வேண்டும் என்றுதான் ஓட்டுகிறேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மழைக்காலம் போயிற்று, பனியும் போயிற்று. வேன் சமர்த்தாக ஓடியது. உருப்படாத வண்டி நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறது என்று ஷெட்டில் திட்டிக்கொண்டிருந்தார்.

கத்தரி வெயிலில் ஒரு பிற்பகல், நெடுஞ்சாலையில் ஏறிய சிறிது தூரத்தில் எஞ்சின் சத்தமில்லாமல் அணைந்தது. உருண்ட வேகத்திலேயே ஓரத்துக்குத் திருப்பினார். பாதி வண்டிதான் ரோட்டை விட்டு இறங்கியது. சாவி திருப்பியபடியே இருந்தது, அதைத் தொடவில்லை. குனிந்து ஒயரைச் சொருகினார். நான்கு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல். எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார், சூட்டில் செத்துப்போயிருந்தது.

ஷெட்டுக்கு இழுத்துப் போய் ஆற அமரக் காட்டியிருக்கலாம். பாய்க்கு அவ்வளவு பொறுமை ஏது? செல்போனில் கூப்பிட்டார். திருமலை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வேனைப் பார்த்ததும் அவர் கால் பின்வாங்கியது. பாய் அவரைத் தோளைப் பிடித்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, விளக்கைக் காட்டினார்.

"அன்னிக்கும் இதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் நைனா. பண்ணா அது பொய். ஆனா இந்த வண்டி தானா நிக்கும். இன்னிக்கு நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன், நின்னுச்சு."

திருமலை விளக்கையே பார்த்தார். உதடு மட்டும் எண்ணியது. "இன்னொரு தபா காட்டு பாய்" என்றார்.

"அது நிறுத்தாது. நீ பாத்துக்கினே இரு."

கண்ணாடி அதிர ஒரு கம்பி லாரி உரசுகிறாற்போல் கடந்து போனது. திருமலையின் பார்வை விளக்கை விட்டு அகலவில்லை. பாய் மெதுவாக இறங்கினார். சட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேனுக்குப் பின்னால் நடந்து போய், வருகிற லாரிகளைப் பார்த்து நின்றுகொண்டு, விலகிப் போகச் சொல்லி வீச ஆரம்பித்தார்.