குழியில் எதையும் விட்டுவராதவர்

பல் துலக்கிக்கொண்டே நடக்கிறார். சமையலறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து ஜன்னல். போகிற வழியில் பிரிட்ஜ் கதவை விரல் முட்டியால் இரண்டு தட்டு. சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கிறாராம். உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்பது லிப்ட்காரரின் கட்சி. தப்பித்தவறி உட்கார்ந்தாலும் வலது கால் தையல் மிஷின் ஓட்ட ஆரம்பித்துவிடும். மேசைமேல் தண்ணீர் தம்ளர் கிடுகிடுக்கும். மருமகள் தம்ளரை எடுத்துத் தரையில் வைப்பாள்.

முப்பத்திரண்டு வருடமாக உயரமான கட்டடங்களில் லிப்ட் பழுதுபார்க்கிறார். ஊரையே ஏற்றி இறக்குகிறவர், தான் மட்டும் படியில்தான் ஏறுவார். "உள்ள நின்னா என்ன தெரியும்? வெளியில நின்னு காது குடுக்கணும். எந்த மாடியில முனகுதுன்னு அதுவே சொல்லும்" என்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அதற்கப்புறம் அவர் எதையும் விடவில்லை. பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு விழிக்கும்போது, ஒரு ஸ்குரூ டிரைவரோடு லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி, கால் மணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். பொய்யில்லை, நாலு கட்டடத்துக் காவலாளிகள் சாட்சி.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். புதுப் பாகத்தை மாட்டினால் பழையதை அன்றைக்கே வெளியே எடுத்துவிட வேண்டும். "பழைய சாமானைக் குழியில விட்டுட்டு வர்றவன் மெக்கானிக்கே இல்ல. ஒரு போல்ட்டு கிடந்தா போதும், ஒரு உசுருக்கு உலை."

அப்படிப்பட்டவர் போன வருடம் நெட்புக் என்கிற குட்டி மடிக்கணினி ஒன்று வாங்கினார். இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே பெரியது. கடையிலேயே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது. மகன் பார்த்துவிட்டு, "விளையாட்டுச் சாமானாப்பா?" என்று சிரித்தான். சிரித்தவனுக்குப் பதில் சொல்வதற்காகவே மனிதர் அதோடு மல்லுக்கட்டினார். மூடியைச் சாத்தினால் அது தூங்கிவிடும், தூங்கினால் எழுந்திருக்காது. ஓரத்தில் ஒரு ரப்பர் துண்டை ஒட்டினார், மூடி முழுக்கச் சாத்தவே சாத்தாது. இடது பக்கம் மட்டும் பாட்டு வந்ததை, எங்கெங்கோ தேடிப் படித்து இரண்டு பக்கமும் வரவைத்தார். கட்டளைகளை எழுத்தெழுத்தாக ஒரு அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறார். "யாரையும் ஒரு வார்த்தை கேட்கல" என்பதை வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார்.

வைஃபை மட்டும் முதல் நாளிலிருந்தே தானாக ஓடியது. ஆகவே அதன் பக்கம் அவர் போகவில்லை. அதன் உள்ளே இருந்த சில்லு லேசில் யாரோடும் ஒத்துப்போகிற ரகமல்ல என்பதோ, விற்றவர்கள் அதற்கென்று தனியாக ஒரு டிரைவரை, அந்தச் சில்லோடு பேசத் தெரிந்த குட்டி நிரலை, பழைய கெர்னலோடு பிணைத்துக் கொடுத்திருந்தார்கள் என்பதோ அவருக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல்தான் கெர்னல். லிப்டுக்கு மோட்டார் மாதிரி என்று அவரே அதற்கு விளக்கம் வைத்திருந்தார்.

அன்று பதினோரு மணிக்கு மருமகளுக்கு வேலைத் தேர்வு. டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு ஆஸ்பத்திரிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்கிற வேலை. கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள், இவள் தட்ட வேண்டும். போனில் செய்யக் கூடாது, கணினிதான் வேண்டும். வீட்டில் இருந்தது அந்த நெட்புக் ஒன்றுதான். குழந்தைக்காக மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டாள். அந்த இடைவெளியைச் சொல்லியே இரண்டு இடத்தில் கதவைச் சாத்தியிருந்தார்கள். இது மூன்றாவது.

சர்வீஸ் பண்ணாத வண்டியை லிப்ட்காரர் யார் கையிலும் கொடுத்ததில்லை. காலை எட்டு மணிக்கே அப்டேட் போட்டார். புதுக் கெர்னல் வந்து உட்கார்ந்தது. திரை ஜோராக ஒளிர்ந்தது. அட்டையைப் பார்த்து இன்னும் ஒரு கட்டளையைத் தட்டிப் பழைய கெர்னலை ஒரு துரும்பு விடாமல் துடைத்தெறிந்தார். கையையும் துடைத்துக்கொண்டார், பழக்கம்.

குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் வந்து உட்கார்ந்தபோது மணி பத்தரை.

"மாமா, வைஃபையே காட்டலையே. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. புதுசு போட்டேன், பழசை எடுத்துட்டேன்."

"சுத்தமாவா?"

"பின்ன? குழியில விட்டுட்டு வரவா?"

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ மாமா! இது லிப்ட் இல்ல. புதுசு ஒத்துக்கலன்னா பழசுல ஏறி வரலாம்னுதான் அதை விட்டுவைக்கிறது."

அவர் அலமாரிக்கு நடந்தார், அட்டையைப் படித்தார், திரும்பி நடந்தார். நெட்புக்கின் முதுகில் விரல் முட்டியால் தட்டினார். மறுபடி அலமாரி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மகனைக் கூப்பிட்டார், வேலை நேரத்தில் அவன் போனை எடுப்பதில்லை. மணி பத்து நாற்பது. ஜன்னல் வரை போனவர் அங்கேயே நின்று, திரும்பாமல் கேட்டார்:

"எனக்குத் தெரியலம்மா. என்ன பண்ணலாம், நீ சொல்லு."

அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து விழுந்ததில்லை. மருமகள் அதை ரசிக்கிற நிலையில் இல்லை.

"என் போன்ல இருந்து கேபிள் வழியா நெட் எடுக்கலாம். ஆனா குட்டி கீழ போட்டதுல சார்ஜ் ஓட்டை லூசு. அழுத்திப் பிடிச்சாத்தான் நிக்கும். கொஞ்சம் அசைஞ்சாலும் போச்சு."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம். உங்களால முடியாது மாமா. பேசாம ரப்பர் பேண்டு போட்டுப் பாப்போம்."

ரப்பர் பேண்டு இரண்டு தரம் நழுவியது. பத்து ஐம்பத்தைந்துக்கு லிப்ட்காரர் நாற்காலியை இழுத்து, கேமராவின் கண்ணுக்குப் படாத பக்கம் உட்கார்ந்தார். போனை இடது கையில் வைத்து, கேபிளின் கழுத்தை வலது கட்டைவிரலால் அமுக்கினார். வைஃபை இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு குறி எட்டிப் பார்த்து, நின்றது.

திரையில் ஒரு பெண் வணக்கம் சொன்னாள். மருமகள் தட்டத் தொடங்கினாள். இருமல் வந்தது, விழுங்கினார். அவருடைய சொந்த பட்டன் போன் சட்டைப் பையில் இரண்டு தரம் அதிர்ந்தது, விட்டார். காதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, நடந்து, போரடித்துப் பறந்தது.

"முடிஞ்சுது மாமா. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க! விடுங்க, விரல் வெளுத்துப்போச்சு."

"அந்தம்மா திரையை விட்டுப் போயிட்டாங்களா, பாரு" என்றார், உதட்டை அசைக்காமல்.

மேசைமேல் தம்ளர் இருந்தது. இன்று அதைத் தரையில் வைக்க அவள் மறந்திருந்தாள். விளிம்பு வரை தண்ணீர். ஒரு வளையம்கூட இல்லை.