ஆறு மஞ்சள் கவுன்கள்

புதுத் துணியைத் தண்ணீரில் போடாமல் அப்படியே வெட்டித் தைத்தால் அதில் ஒரு கஞ்சி வாசனை இருக்கும். எங்கள் வீட்டில் அதோடு தையல் மிஷின் எண்ணெயின் வாசனையும், ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த அப்பாவின் சட்டையிலிருந்து கிளம்பும் ஏலக்காய் மணமும் சேர்ந்துகொள்ளும். கிறிஸ்துமஸ் மாதம் பிறந்தால் போடிநாயக்கனூரில் எங்கள் சந்து வீட்டுக்குள் இதுதான். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சந்தோஷ வாசனையாக இருந்திருக்கலாம். எனக்கு அப்போதே அலுப்பாக இருந்தது. இப்போதும் துணிக்கடைக்குள் நுழைந்தால் உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நாங்கள் ஆறு பேர், ஆறும் பெண்கள், நான் நான்காவது. அப்பா சபையில் மூப்பர் என்பதால் நகை, பூ, பொட்டு எதுவும் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வராது. "ஒருத்தி மினுக்குனா இன்னொருத்திக்குப் பொறாம வரும். எல்லாருக்கும் ஒரே துணி எடு" என்று அம்மாவிடம் அவர் ஒரு தடவை சொன்னார், அதோடு அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு பீஸ் துணி வரும். அம்மா அதைத் தரையில் விரித்துப் பெரியக்காவிலிருந்து கடைக்குட்டி வரை அளவெடுத்து, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கவுனாக, முழங்கையை மூடுகிற கையும் கழுத்தை ஒட்டிய காலருமாக வெட்டுவாள். "ஆறு கழுத்து, பன்னெண்டு கையி! எனக்கு வேற சோலியே இல்லையா?" என்று மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். மிச்சத் துணி தலையணை உறையாகும், ஜன்னல் திரையாகும். ஒரு வருஷம் நான் ஜன்னலோரம் நின்றால் தலை மட்டும்தான் தனியாகத் தெரிந்தது.

பெரியக்காவுக்குத் தெரியாத கஷ்டம் ஒன்று எனக்கு உண்டு. அவள் ஒரு துணியை ஒரு வருஷம் உடுத்தி முடித்துவிடுவாள். நானோ என்னுடையதை உடுத்தி, மறு வருஷம் மூன்றாவது அக்கா எஸ்தருக்குச் சின்னதாகிப்போனதை உடுத்தி, அதற்கடுத்து இரண்டாவது அக்காவுடையது, பிறகு பெரியக்காவுடையது என்று அதே பூவை, அதே கோட்டை நான்கு வருஷம் சுமப்பேன். நாங்கள் வரிசையாகச் சபைக்குப் போகையில் தெருப் பையன்கள் "பேண்டு செட்டு வருதுடா" என்று வாயாலேயே கொட்டு அடிப்பார்கள். எஸ்தர் மட்டும் நின்று அவர்களை முறைத்துவிட்டு வருவாள். அதற்கும் வீட்டில் அவளுக்குத்தான் திட்டு விழும்.

மஞ்சளில் சின்னச் சின்ன வெள்ளைப் பூப்போட்ட துணி வந்த வருஷம் மிச்சம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், வேலையாட்கள் குடியிருக்கிற அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஜெபக்கூட்டம் நடத்துவார். அந்த வீட்டுப் பெண் மல்லிகாவுக்கு என் வயதுதான். அம்மா மிச்சத் துணியில் அவளுக்கும் ஒரு கவுன் தைத்து, தனக்குக் காய்ச்சலாக இருந்ததால் எங்களிடம் கொடுத்தனுப்பினாள். மல்லிகா வாங்கிய கையோடு உள்ளே ஓடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நாங்கள் ஆறு பேரும் போட்டிருந்த அதே துணியைப் பார்த்து ஒருத்தி அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கூட்டம் முடிகிற நேரத்தில் எஸ்தர் என் காதில், "ஓடையில காலக் கழுவிட்டு வர்றேன்டி" என்று சொல்லிவிட்டு ஏலச்செடிகளுக்குள் போனாள். ஜீப்பு வந்துவிட்டது. எங்கே கிளம்பினாலும் அப்பா வண்டிக்குப் பின்னால் நின்று கவுன்களை எண்ணுவார். அன்றும் எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. சரி." பிறகு கண்ணை மூடிப் பயண ஜெபம், ஜெபம் முடிந்ததும் பாட்டு. இறங்கும்வரை நடுவில் வேறு வார்த்தைக்கு வாயைத் திறந்தால் மண்டையில் குட்டு விழும்.

என் பக்கத்தில் எஸ்தர் உட்காருகிற இடத்தில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். குரங்கணியில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிற பிள்ளை, ஜீப்பில் இடம் இருந்ததால் ஏறியிருந்தாள். பெரியக்கா மடியில் கடைக்குட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் கண்ணை மூடிப் பாடினார்கள். எஸ்தர் ஏறவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. குட்டுக்குப் பயந்துதான் பேசவில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் இல்லாததை இவர்கள் எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க நினைத்தேன், ஏனென்றால் என்னை விட்டுவிட்டு வந்தாலும் இப்படித்தான் பாடிக்கொண்டு போவார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

குரங்கணியில் ஜீப்பு நின்றதும் மல்லிகா குதித்து இறங்கினாள். மஞ்சள் கவுன் ஒன்று இறங்குவதைப் பார்த்த அப்பா அதட்டினார். "எங்க எறங்குற? ஏறு உள்ள!"

"மாமா, நான் மல்லிகா. எங்க அத்தை வீடு இந்தா இருக்கு."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்படி அவர் பார்த்து நான் அதற்குமுன் கண்டதில்லை. "எஸ்தர் எங்க?" என்று கேட்டார்.

ஜீப்பு திரும்பி மேலே ஏறியது. காட்டுமாடு இறங்குகிற பாதை அது. பாதித் தூரத்தில் எஸ்தர் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள், கவுனின் ஓரமெல்லாம் ஈரம். அப்பா இறங்கி ஓடினார். "எண்ணுனேன் தாயி. ஆறு சரியா இருந்துச்சு" என்றார்.

"நீங்க துணியத்தானப்பா எண்ணுனீங்க" என்றாள் எஸ்தர். அவள் அழவில்லை. என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "நீயுமாடி பாக்கல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பாக்கலக்கா" என்றேன்.

அம்மா அந்த வாரமே எங்கள் காலர்களில் ஆளுக்கொரு நிறத்தில் பொத்தான் வைத்துத் தைத்தாள். அப்பா பழையபடியே எண்ணினார்.

எஸ்தர் ராசிங்காபுரத்தில் சபையைச் சேராத ஒரு விவசாயக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய் எத்தனையோ வருஷமாகிறது. அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், மிஷினை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். மஞ்சள் துணியில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

போன மாதம் பெரியக்கா மகளுக்குக் கல்யாணம். இப்போது ஒரே மாதிரி சேலை கட்டுவது எல்லோருக்கும் ஆசையாகிவிட்டதே, பெரியக்காவும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி எங்களைக் கேட்டாள். எடுத்தது ஆறு சேலை. "அஞ்சுன்னு சொல்ல வாய் வரலடி" என்றாள். ஆறாவதை இரண்டாவது அக்காவின் மகள் கட்டிக்கொண்டாள். மேடையில் நாங்கள் போட்டோவுக்கு வரிசையாக நிற்க, முன்னால் நாற்காலியில் இருந்த அப்பா திரும்பிப் பார்த்து, விரலை நீட்டி எண்ணினார். "அஞ்சு, ஆறு. சரி, எடுப்பா."

இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. குனிந்து, "அப்பா, அஞ்சு பேருதான் இருக்கோம். எஸ்தர் இல்ல" என்றேன்.

"தெரியும் ஆத்தா" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவில்லை. "படத்துலயாவது கொறையாம இருக்கட்டும்."

அந்தப் படம் இப்போது அப்பா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து எண்ணிவிட்டு, "ஆறு புள்ளைகளும் வந்துட்டாகளா?" என்று கேட்கிறார்கள். அப்பா தலையை ஆட்டுகிறார். அந்த நேரத்தில் அங்கே இருந்தால் நானும் காப்பி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே எழுந்து போய்விடுகிறேன். போடியிலிருந்து எஸ்தர் இருக்கிற ராசிங்காபுரத்துக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது.