பதினாலு பேர் ஏறிய வேன்

அண்ணன் பிரான்சிலிருந்து எழுதிய கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டே வரி. மீதியெல்லாம் வீடு பற்றித்தான். பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு ஒரு மாதம் புதுச்சேரிக்கு வருகிறானாம். தங்குவதற்கு நான் ஒரு வீடு பார்க்க வேண்டுமாம். கடற்கரைப் பக்கமாக, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் தெருக்களில் இருந்தால் நல்லது. கொசு இருக்கக் கூடாது. உட்காருகிற கக்கூஸ் கட்டாயம் வேண்டும். மீனம்பாக்கத்துக்கு வண்டி கொண்டு வந்துவிடு.

எங்கள் வீடு வாய்க்காலுக்கு மேற்கே நெல்லித்தோப்பில் இருந்தது. அவன் பிறந்ததும் அங்கேதான். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது அப்பா பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டவர். அதனால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர எங்கள் இரண்டு பேருக்குமே வழி இருந்தது. அண்ணனை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சளவு போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காரைக்கால் குடும்பத்துப் பெண்ணை அங்கேயே கட்டிக்கொண்டான். கல்யாண போட்டோதான் வந்தது. நான் மில்லில் நூல் கண்டோடு கிடந்தேன்.

கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டும்போது வீட்டுச் சமாசாரத்தை விட்டுவிட்டேன். வருகிறான் என்பதை மட்டும் படித்தேன். அம்மாவுக்கு அப்போதே மூச்சிரைப்பு. முட்டியும் மடங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் பிள்ள இந்த வீட்டுல படுக்கணும்டா. ஒரு ராத்திரி படுத்தாலும் போதும். காலையில அவன் படுத்திருக்கறத நான் பாக்கணும்" என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். அதன் பிறகு சாகிற வரைக்கும் வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

ஆனாலும் அண்ணன் சொன்னபடி வீடு பார்க்கப் போனேன். கடற்கரைக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு வீடு. வயசான சொல்தா ஒருத்தருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். உயரமான கூரை, நடுவில் முற்றம், மேசை நாற்காலி, எல்லாம் இருந்தது. அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"யாருக்கு வீடு?"

"எங்க அண்ணனுக்கு. பிரான்சுலேருந்து வராரு."

"உன் வீடு எங்க?"

"நெல்லித்தோப்பு."

"சொந்த வீடா?"

"ஆமா."

அவர் சிரித்தார். "அப்ப உங்க அண்ணனுக்கு உங்க வீடு ஆவாதா?"

எனக்கு மூஞ்சி எரிந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் என் கையை உடைக்கலாம் போலிருக்கிறது. அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். 'வீடு பார்த்தாச்சு. எல்லா வசதியும் இருக்கிறது.' எந்தத் தெரு என்று எழுதவில்லை.

மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். மின்விசிறி மாட்டினேன். கொசுவலை வாங்கினேன். அறைக்குப் பக்கத்திலேயே கொத்தனாரை வைத்து உட்காருகிற கக்கூஸ் கட்டினேன். தெருவில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"இன்னாடா, மாப்பிள்ள நாற்காலி கணக்கா இருக்கு" என்றான் எதிர்வீட்டு மச்சான். "சந்தனம், பன்னீரெல்லாம் எங்க?"

"ஒருவாட்டி உக்காந்து பாக்கட்டா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

அம்மா கீழேயிருந்து கத்தினாள். "யாரும் அதுல குந்தக் கூடாது. என் பிள்ள வந்துதான் குந்துவான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஏர்போர்ட்டுக்குப் போவது என்றால் கல்யாணத்துக்குப் போவது மாதிரி. வழியனுப்பப் போனாலும் அழைத்துவரப் போனாலும் தெருவே போகும். கூப்பிடாவிட்டால் அவமானம். அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்கு அவர்கள் வாசல் மிதிக்க மாட்டார்கள். அம்மா, நான், வருகிற நாலு பேர், பெட்டிகள் என்று நினைத்துத்தான் வேன் பேசினேன். விடியற்காலையில் வேன் வந்து நின்றபோது தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு பதினாலு பேர் நின்றார்கள். சாரத்தில் குடியிருந்த அத்தை முதல் நாளே வந்து படுத்துவிட்டாள். புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"வரும்போது எடம் பத்தாதே" என்றேன்.

"மடியில வெச்சிக்கலாம்டா. நம்ம பிள்ளைங்கதானே" என்றாள் அத்தை.

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாதி பேர எறக்குடா. அவன் எப்படி உக்காருவான்?"

நான் இறக்கவில்லை. யாரை இறக்குவது? எதிர்வீட்டு மச்சானையா? அப்பா செத்தபோது பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தவன் அவன்.

மீனம்பாக்கத்தில் பம்பாய் விமானம் மத்தியானம் வந்தது. அண்ணன் பெருத்திருந்தான். தொப்பி போட்டிருந்தான். அம்மா அவன் மூஞ்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவனும் அழுதான். அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அத்தை பிள்ளைகளைத் தூக்கப் போனாள். அவை பயந்துபோய் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு பிரெஞ்சில் ஏதோ சொல்லின.

அண்ணன் வேனை எட்டிப் பார்த்தான். உள்ளே சாப்பிட்ட இலைகள், வெற்றிலை வாசம், உட்கார்ந்தபடியே கையாட்டும் ஆட்கள்.

"டேய், இதுல நாங்க எங்கடா உக்காருறது?"

"வாண்ணே, நகந்துக்குவாங்க."

அண்ணி ஏதோ கேட்டாள். அவன் என்னிடம் திரும்பினான். "வீடு எந்தத் தெருல?"

"நம்ம வீடுதாண்ணே. மாடியில எல்லாம் பண்ணி வெச்சிருக்கேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அண்ணிக்கு அதைப் பிரெஞ்சில் சொன்னான். அவள் கைப்பையை மூடினாள்.

டாக்சி பிடித்தார்கள். அம்மா டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் உன்னோட வரேன்டா கண்ணு."

"பெட்டிங்க இருக்கும்மா. நீ வேன்லயே வா. பின்னாடியே வந்துட்டேன்."

திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தியபோது டாக்சி எங்களைத் தாண்டிப் போனது. பிள்ளைகள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அம்மா கையைத் தூக்கினாள். டாக்சி நிற்கவில்லை. "முன்னாடி போய் வாசல்ல நிப்பான்" என்றாள். வழியெல்லாம் டிரைவரை விரட்டினாள்.

வாசலில் யாரும் இல்லை. வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்த என் பெண்டாட்டி ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு நின்றாள். டாக்சி வரவே இல்லை என்றாள். பதினாலு பேரும் கலையாமல் தெருவில் நின்றார்கள். விளக்கு வைத்த பிறகு ஒவ்வொருத்தராகப் போனார்கள். தட்டிலிருந்த ஆரத்தியைக் கீழே ஊற்ற அம்மா விடவில்லை. விடியும்போது அது அப்படியே இருந்தது. உள்ளே ஒரு எறும்பு செத்துக் கிடந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் மட்டும் ரிக்‌ஷாவில் வந்தான். கடற்கரையில் ஒரு ஓட்டலில் இறங்கியிருக்கிறார்கள். பிஸ்கட் டப்பா, சென்ட் பாட்டில், அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை. புதுச்சேரியில் கம்பளிச் சட்டை. அம்மா கேட்டாள் என்பதற்காக மாடிக்கு ஏறினான். கொசுவலையைத் தொட்டுப் பார்த்தான். கக்கூஸ் வாசலில் ரொம்ப நேரம் நின்றான்.

"வீடு பாத்தாச்சுன்னு எழுதினியே" என்றான். "உண்மைய எழுதியிருந்தா நான் அவகிட்ட பேசியிருப்பேன். நாலு நாளாவது இங்க இருக்கற மாதிரி பண்ணியிருப்பேன். இப்ப ஏமாத்திட்டீங்கன்றா. நான் இன்னா சொல்றது?"

"அம்மாவுக்காக ஒரு நாள் நீ மட்டும் படுண்ணே."

"பாக்கறேன்" என்றான்.

ஒரு மாதத்தில் ஏழு தடவை வந்தான். ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிவந்தான். அண்ணி ஒரு தடவை வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் ஆனதும் கடிகாரத்தைப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் அம்மா மாடியில் விளக்குப் போடச் சொல்லுவாள். ஊருக்குப் புறப்பட்டபோது ஓட்டலிலிருந்தே டாக்சியில் போய்விட்டான். வழியனுப்ப வேன் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

உண்மையை எழுதியிருந்தால் அவன் தங்கியிருப்பானா? எனக்குத் தெரியாது. அவன் சொன்னது சாக்காகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தச் சாக்கை அவன் கையில் கொடுத்தது நான். அம்மாவுக்கு அது தெரியும். அவனை அவள் ஒரு நாளும் திட்டவில்லை. என்னைத்தான் கேட்டாள். சோறு போடும்போது கேட்பாள், நான் மில்லுக்குக் கிளம்பும்போது கேட்பாள். "நாலு பேர எறக்கிவிட உனக்கு வாய் வரலையாடா?" எழுதிய பொய்யை அவள் விட்டுவிட்டாள். வேனை விடவில்லை. நான் முதலில் பதில் சொன்னேன். பிறகு கத்தினேன். பிறகு இரண்டையும் விட்டுவிட்டேன்.

கடைசி வருஷத்தில் அவளால் குத்த வைத்து உட்காரவே முடியவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மேலே உட்காருகிற கக்கூஸ் இருந்தது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். கீழே கட்டியிருந்தால் அவளுக்காவது உதவியிருக்கும். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை.

"அது அவனுக்குக் கட்டினது. விடு" என்றாள்.

அவள் செத்தபோது தந்தி கொடுத்தேன். லீவு கிடைக்கவில்லை என்று பதில் தந்தி வந்தது. சாரத்து அத்தை முந்தின வருஷமே போய்விட்டாள். வேனில் ஏறிய மற்ற பதிமூணு பேரும் வந்தார்கள். எதிர்வீட்டு மச்சான்தான் மறுபடி மூங்கில் வெட்டினான். அவர்களை அன்றைக்கு நான் இறக்கியிருந்தால் வந்திருக்க மாட்டார்கள் என்று என் பெண்டாட்டி சொல்லுவாள். சரிதான். ஆனால் அம்மா கேட்டது அவர்களை இல்லையே.

மில் வேலை குறைந்த பிறகு மாடி அறையை வாடகைக்கு விட்டோம். குடிவந்தவன் அந்தக் கக்கூஸ் வேண்டாம், சாதாரணமாக மாற்றிக்கொடு என்றான். கட்டிய கொத்தனாரே வந்து பெயர்த்தான். உடையாமல் எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"புத்தம் புதுசா இருக்கேப்பா. ஒருத்தரும் ஒக்காரவே இல்லியா?"

"இல்ல" என்றேன்.